இல்லாத முப்பத்து நான்கு பேர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. "காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுசாப் போகணும்மா. மத்த பிள்ளைங்களும் இருக்குல்ல?" என்று காப்பகத்து அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதனால்தான் அழுகை வந்தது. தப்பாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இன்று நான் இவர் வேலை செய்யும் பார்சல் கிடங்கின் கேன்டீனில் போய் நின்றிருக்க வேண்டிய நாள். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஒவ்வொருவரிடமும் கேள்வித்தாளைக் கொடுத்து, விளக்கிச் சொல்லி, நிரப்பி வாங்க வேண்டும். நூற்று ஐம்பது தாள்கள். நூறு தாளாவது திரும்பி வந்தால்தான் ஆய்வு தேறும். மேலாளரிடம் அனுமதி வாங்கவே ஒன்றரை மாதம் ஆயிற்று.

வணிக நிர்வாகத்தில் ஹானர்ஸ் வருடம், ஆய்வேடு எழுதும் கடைசி வருடம். கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிரசவத்துக்கு ஒரு வருடம் நின்றேன், அப்புறம் பாப்பாவை விட்டு வர முடியாமல் இன்னொரு அரை வருடம். அக்டோபர் பதினேழுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள். கல்லூரி அனுப்பிய கடிதத்தில் அப்படியே இருக்கிறது: மேலும் நீட்டிப்பு வழங்கப்படாது. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் முறைக்கிறது.

இவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கையை நீட்டினார். "குடு, நான் எடுத்துட்டுப் போறேன். அங்கதானே நாள் பூரா கிடக்குறேன்."

"நான்தான் நேர்ல குடுக்கணும்னு இருக்குங்க."

"நீ குடுத்தா என்ன, நான் குடுத்தா என்ன? பேப்பர் அதேதானே?"

கொடுத்துவிட்டேன். கட்டின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு, மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி. ஏதோ குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி.

ஆகஸ்ட் 6, புதன்

பன்னிரண்டு வந்தது. மூன்றில் சாம்பார்க் கறை. பத்திரமாக எண் போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளை வகுப்பில் ஆய்வுத் திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள்? இவர் பாப்பாவின் பால் புட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துப் பேசினேன்.

ஷிப்ட் பட்டியலை எத்தனை நாள் முன்னால் ஒட்டுகிறார்கள் என்பதற்கும், ஆட்கள் வேலையை விட நினைப்பதற்கும் தொடர்பு உண்டா? இதுதான் என் கேள்வி. எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால் நூலகத்திலிருந்து என்பேன். நிஜத்தில், இவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் "அடுத்த வாரம் எப்ப போறேன்னு தெரியல" என்று சொல்வதிலிருந்து வந்தது.

பதினாறாம் கேள்விக்கு வந்தபோது குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "அது என்ன, மத்ததெல்லாம் 'வேலையை விட நினைக்கிறேன்'னு இருக்கு, இது மட்டும் 'கடைசி வரை இங்கேயே இருப்பேன்'னு இருக்கு?"

"அது திருப்பிக் கேட்ட கேள்வி. படிச்சுப் போடுறாங்களா, சும்மா ஒரே வரிசையா வட்டம் போட்டுட்டுப் போறாங்களான்னு அதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம். முழுசா ஒத்துக்கிட்டா அஞ்சு, இல்லவே இல்லைன்னா ஒண்ணு. மேல எல்லாம் அஞ்சு போட்டவர் இதுல ஒண்ணு போடணும். இங்கேயும் அஞ்சு போட்டா படிக்கலைன்னு அர்த்தம்."

"அட, போலீஸ் வேலையா இருக்கே!"

ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது அவருக்கு. அப்புறம், "நானும் ஒண்ணு நிரப்பட்டுமா?" என்றார். கூடாது என்றேன். ஆய்வு செய்கிறவரின் வீட்டு ஆள் பதில் சொன்னால் அது செல்லாது. சரி சரி என்று புட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் பாடம். மாணவர் ஒருவர். நல்ல கவனம்.

ஆகஸ்ட் 20, புதன்

எண்பத்து நான்கில் நின்றுவிட்டது. ஐந்து நாளாக ஒன்றுகூட வரவில்லை.

இன்று முறையியல் வகுப்பில் ஒவ்வொருவராக எண்ணிக்கை சொல்லச் சொன்னார்கள். நூற்று நாற்பது, நூற்று அறுபது. பக்கத்தில் உட்காரும் பெண் இருநூறு. அவளுக்கு வகுப்பில் 'அடிக்குறிப்பு' என்று பெயர். குள்ளம், எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைத்திருப்பாள். என்னை அக்கா என்பாள். "அக்கா, உங்களுக்கு எத்தனை?" என்று அவள் கேட்டபோது தொண்ணூறு என்று சொல்லிவிட்டேன். ஆறு தாளுக்காக ஒரு பொய்.

வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போது அழுதேன். இவர் பார்த்துவிட்டார். "இப்ப எதுக்கு அழுவுற? வரும். நான் கேக்குறேன்ல?" என்றார்.

"எப்ப வரும்? நூறு இல்லாட்டி வழிகாட்டி மேடம் உள்ளயே விட மாட்டாங்க. நூறுங்க, நூறு!"

மடித்த துணியை அவரே எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

முப்பத்து நான்கு! ஒரே நாளில் முப்பத்து நான்கு! கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி குளிக்கப் போய்விட்டார். மொத்தம் நூற்றுப் பதினெட்டு. குளியலறைக் கதவைத் தட்டி, "எப்படிங்க?" என்றேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், "கேட்டேன், குடுத்தாங்க" என்றார்.

பாப்பாவைத் தூக்கிச் சுற்றினேன். தலை சுற்றி எனக்குத்தான் வாந்தி வரப் பார்த்தது. சாப்பிட்டேனா இன்றைக்கு?

செப்டம்பர் 2, செவ்வாய்

கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளுக்கு இருபத்திரண்டு எண்கள். பாப்பா தூங்கும் நேரம் ஒன்றரை மணி, அதில் பதினைந்து தாள் போனால் பெரிது. இன்று விழித்து வந்து விசைப்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்து மூன்றாம் ஆளின் வயது நான்காயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது.

கடைசிக் கேள்வி, "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்", அதைப் படிக்காமலே தாண்டிப் போகிறேன். எழுத்தைப் படிக்கத் தெம்பில்லை. அப்புறம்.

முதுகு வலிக்கிறது. வலிக்காத இடத்தைச் சொல்வது சுலபம்: காது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மேடத்தைப் பார்த்தேன். என் ஆய்வு வழிகாட்டி. மாணவர்கள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'. குட் மார்னிங் சொன்னால்கூட ஏன் என்று கேட்பார் என்பார்கள்.

சந்தோஷமாகத்தான் போனேன். ஆல்ஃபா என்று ஓர் எண் உண்டு. வேலையை விடுவதைப் பற்றிய ஐந்து கேள்விகளும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று அது காட்டும். ஒன்றுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. எனக்கு 0.93. நான் நினைத்த தொடர்பும் பலமாக வந்திருந்தது.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அழகா இருக்கும்மா. ஏன் இவ்வளவு அழகா இருக்கு?"

"மேடம்?"

"களைச்சுப்போன மனுஷங்க, கேன்டீன்ல நின்னுக்கிட்டே எழுதினது. நாலு பேர்ல ஒருத்தராவது படிக்காம வட்டம் போட்டிருக்கணுமே? இவ்வளவு ஒழுங்கா யாரும்மா இருப்பாங்க? நானே இருக்க மாட்டேன்." பிறகு கொஞ்சம் மெதுவாக, "தாளை எடுத்துப் பாரு. கம்ப்யூட்டர்ல இல்ல, தாள்ல" என்றார்.

பேருந்தில் வரும்போது அதே யோசனை. ஏற்றும்போது தப்பு செய்துவிட்டேனா? பாப்பா எதையாவது அழுத்திவிட்டாளா?

செப்டம்பர் 10, புதன்

தரையில் பரப்பினேன். பதினாறாம் கேள்வியில் சறுக்கியவர்கள் ஒரு பக்கம், சறுக்காதவர்கள் ஒரு பக்கம். முதல் எண்பத்து நான்கில் இருபத்தொரு பேர் சறுக்கியிருக்கிறார்கள். மேல் நான்கும் ஐந்து, இதுவும் ஐந்து. படிக்கவே இல்லை. நல்ல மனிதர்கள்.

எண்பத்தைந்திலிருந்து நூற்றுப் பதினெட்டு வரை ஒருவர்கூடச் சறுக்கவில்லை.

அந்தத் தாள்களில் மடிப்பு இல்லை. மற்றவை பாக்கெட்டில் நாலாக மடிந்து, ஒட்டுநாடாத் துண்டு ஒட்டிக்கொண்டு, விரல் அழுக்கோடு இருக்கின்றன. இவை சலவைக்குப் போய் வந்த மாதிரி. நீலப் பேனா, கறுப்புப் பேனா, சாய்ந்த வட்டம், நேர் வட்டம். நூற்றேழாவதிலிருந்து ஐந்து தாள்கள் பச்சை.

பச்சைக் கோடு நடுவில் பிளந்து இரட்டையாக ஓடுகிறது. பாப்பா கடித்து நுனி பிளந்துபோன ஸ்கெட்ச் பேனா. போன மாதத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

இந்த உலகத்தில் பதினாறாம் கேள்வியை இவ்வளவு கருத்தாகப் படிக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான். பாடம் எடுத்தது நான்.

ஐயோ. என்ன பண்ணி வச்சிருக்கீங்க.

செப்டம்பர் 11, வியாழன்

கேட்கவில்லை. இரண்டு மணி ஷிப்டுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் கேட்கவில்லை. தோசைக்கல்லில் கை சுட்டுக்கொண்டேன். "பாத்து வேலை செய்யக் கூடாதா?" என்று மருந்து எடுத்துவந்தவரிடம் எப்படிக் கேட்பது?

செப்டம்பர் 14, ஞாயிறு

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பச்சைத் தாளை நீட்டினேன்.

பார்த்தார். கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப்பும் போட்டார். "பேனா தீந்துபோச்சு. பையில அதுதான் கிடந்துச்சு" என்றார்.

முதல் பதில் அதுதான். பேனா தீர்ந்துபோனதற்கு!

"முப்பத்து நாலு பேருங்க! இல்லாத முப்பத்து நாலு பேர்!"

"கத்தாத, பாப்பா முழிச்சுக்கும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. 'வேலையை விடுவியா'ன்னு கேள்வி இருக்கு, மேனேஜர் பாத்தா என்னாகும்னு ஒதுங்கிட்டாங்க. அன்னிக்கு லாரி வரல. மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம். நீ தூக்கத்துலகூட நூறு நூறுன்னு சொல்லிட்டிருந்தே. வெறும் பேப்பரை எப்படித் திருப்பி எடுத்துட்டு வர்றது?"

"அதுக்கு?"

"சும்மா போடலம்மா. ஒவ்வொருத்தரா யோசிச்சுத்தான் போட்டேன். டேப் ஒட்டுறவங்க என்ன நினைப்பாங்க, வண்டி ஓட்டுறவன் என்ன நினைப்பான்னு. பதினாறாவதை மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாப் பாத்தேன். நீ சொன்னியே."

அதில் ஒரு பெருமை இருந்தது. சத்தியமாக இருந்தது.

"இதுல உங்களோடது எது?"

"என்னோடதா? நான் நிரப்பவே இல்லையே. வீட்டு ஆள் நிரப்பக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்துக்கொண்டே கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். அக்டோபர் பதினேழு, கடைசி வாய்ப்பு, இத்தனை வருஷம், எல்லாத்தையும் நீங்களே குழிதோண்டிப் பொதச்சிட்டீங்க என்று என்னென்னவோ சொன்னேன். அவர் மிச்சத் துணியை எல்லாம் காயப்போட்டு முடித்தார். காலி வாளியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

கடைசிக் கேள்வியைப் படித்தேன். "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்." முப்பத்து நான்கில் பலவற்றை வெறுமையாக விட்டிருக்கிறார். நிஜ ஆட்கள் அப்படித்தான் விடுவார்கள் என்று யோசித்திருப்பார். மூன்றில் கேன்டீன் டீயைப் பற்றிய புகார். ஒருவருக்குச் சர்க்கரை அதிகம், ஒருவருக்குக் குறைவு, ஒருவருக்கு அது டீயே இல்லை.

எண்பத்தொன்பது: "ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் குழந்தையைத் தடுப்பூசிக்கு நானே தூக்கிப்போவேன்."

தொண்ணூற்றாறு: "பகலில் தூங்குகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன்."

நூற்று மூன்று: "என் பிள்ளை என்னைப் பார்த்தால் விருந்தாளி வந்த மாதிரி கதவுக்குப் பின்னால் போகிறது."

நூற்றுப் பதினொன்று, பச்சையில்: "வேலையை விட முடியாது. வீட்டில் ஒருவர் படிக்கிறார்கள்."

முப்பத்து நான்கிலும் பன்னிரண்டாம் கேள்விக்கு ஐந்து. "ஒரு வருடத்துக்குள் இந்த வேலையை விட நினைக்கிறேன்: முற்றிலும் உடன்படுகிறேன்." டேப் ஒட்டுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், எல்லோருக்கும் ஐந்து.

அவர் கிளம்பும்போது கேட்டேன். "நிஜமாவே உங்களுக்கு விடணும்னு இருக்கா?"

"உன் ஆராய்ச்சிக்கு அதுதானே வேணும்?" என்று சொல்லிவிட்டு, செருப்புக்கும் ஷூவுக்கும் நடுவில் தடுமாறி, ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன். கேள்வித்தாள் தயாரிக்கப் படிச்சவ நான். இவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கேனா?

செப்டம்பர் 17, புதன்

அடிக்குறிப்பிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. நூலகத்துப் படிக்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணன் சூப்பர்க்கா! சாரி, சாரி." அப்புறம், "முப்பத்து நாலையும் எடுத்துடுங்க. எண்பத்து நாலுன்னு எழுதுங்க. கொஞ்சம் திட்டுவாங்க, மார்க் குறையும், அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போவுது?"

அதுதான் நானும் நினைத்தது. மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கு நான் கொடுத்த திட்டத்தை எடுத்தேன், எத்தனை பேர் என்று எழுதினேன் எனச் சரிபார்க்க. நான்காம் பக்கம்: "கேள்வித்தாள்கள் ஆய்வாளரால் நேரில் வழங்கப்பட்டு, நேரில் பெறப்படும். பணியிடத்தைச் சேர்ந்த எவரும் இதில் ஈடுபடுத்தப்பட மாட்டார்கள்." கீழே என் கையெழுத்து.

அப்படியானால் முப்பத்து நான்கு மட்டுமா? அந்த எண்பத்து நான்கும் யார் கையால் போயின? கூட வேலை செய்கிறவர் வந்து நீட்டினால், முகத்துக்காக நிரப்பியிருப்பார்களா, பயந்து நிரப்பியிருப்பார்களா? எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

அவரைத் திட்டியது எல்லாம் திரும்பி வந்து என் மேல் விழுகிறது. முதலில் விதியை உடைத்தது அவரில்லை. பேப்பர் அதேதானே என்று அவர் கேட்டார். தெரியாமல் கேட்டார். தெரிந்துகொண்டே ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தது நான்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் உறுதிமொழி உண்டு. தரவுகளை இந்த முறையில் சேகரித்தேன் என்று. அதில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு பொய்த் தாள் சேரும். நூற்றுப் பத்தொன்பதாவது.

சொல்லாவிட்டால் பட்டம். சொன்னால்? தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேடம் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில், "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா நீ இங்க வந்தது?" என்றார்.

"காலைல சொன்னேன் மேடம்."

"என்ன சொன்னார்?"

"நானும் வரட்டுமான்னு கேட்டார்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "குழுவுக்கு எழுது. ரெண்டு பக்கம். யார் மேலயும் பழி போடாம, என்ன நடந்துச்சோ அதை மட்டும். உன்னை வச்சுக்குவாங்களான்னு நான் சொல்ல முடியாதும்மா."

செப்டம்பர் 23, செவ்வாய்

குழுவின் பதில். மூன்று வரி. நூற்றுப் பதினெட்டு தாள்களும் செல்லாது, அழிக்க வேண்டும். புதிதாகச் சேகரிக்கலாம், ஆய்வாளர் நேரில் மட்டும். சமர்ப்பிக்கும் தேதியில் மாற்றம் இல்லை.

வைத்துக்கொண்டார்கள். ஆனால் இருபத்து நான்கு நாள்.

கல்லூரியின் தாள் கிழிக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். நூற்று மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டேன். அழிக்க வேண்டும் என்றால் அழிக்கத்தான் வேண்டும். அதிலிருந்தது எனக்கு மனப்பாடம்.

செப்டம்பர் 29, திங்கள்

கேன்டீன். மேலாளர் பத்து நாள் கொடுத்திருக்கிறார். இவர் ஷிப்டில் நான் நிற்கக் கூடாது என்று நானே முடிவு செய்ததால், அவர் காலையில் இருக்கும்போது மாலை ஆட்களிடமும், மாலையில் இருக்கும்போது காலை ஆட்களிடமும். பட்டியல் எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாததால் எனக்கும் தெரியவில்லை. என் ஆய்வுத் தலைப்பு என்னையே ஓட விடுகிறது.

அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் அக்கா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அந்தக் கேள்வித்தாள் அம்மாவா? உங்க வீட்டுக்காரருக்கு நாங்க என்ன பேர் வச்சிருக்கோம் தெரியுமா? சர்வே! டிபன் டப்பாவத் தொறந்தா போதும், பேப்பரோட முன்னால வந்து நிப்பாரு. 'சர்வே வர்றான்டி, எந்திரிச்சு ஓடு'ன்னு ஓடுவோம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"பாவம், ஒரு நாள் என்கிட்ட, 'அக்கா, உங்க பேரே எழுத வேணாம், எனக்காகப் போட்டுக் குடுங்க'ன்னாரு. 'நீ வேற, என் புருஷனுக்கே நான் பதில் சொல்றதில்ல, உனக்குச் சொல்லுவேனா'ன்னுட்டேன்."

"எனக்குச் சொல்லுவீங்களா அக்கா?"

"உக்காரு. நீயே படி. கண்ணாடி கொண்டுவரல."

அவருக்கு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். வேலையை விட நினைக்கிறீர்களா என்றதும் என்னைப் பார்த்த பார்வை! "விட்டுட்டு எங்கம்மா போறது?" பட்டியல் நேற்று ஒட்டினால் என்ன, இன்று ஒட்டினால் என்ன, அவர் ஒன்றுக்குத்தான் வட்டம் போடச் சொன்னார்.

ஆறு தாள்கள். கால் கடுக்கிறது. கதவருகே காலை ஆட்களோடு வெளியே போய்க்கொண்டிருந்த இவர் என்னைப் பார்த்தார். தெரியாத ஆள் மாதிரி நடந்து போனார். சட்டம்னா சட்டம்.

அக்டோபர் 8, புதன்

எழுபத்தொன்று. நூறு வராவிட்டாலும் வந்ததை எழுதச் சொல்லிவிட்டார் மேடம், மதிப்பெண்தான் குறையுமாம். இவ்வளவுதான். முடிந்தது.

பாப்பாவைக் காப்பகத்தில் விடும்போது இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை. நான் அழுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது போலிருக்கிறது.

அக்டோபர் 11, சனி

ஆல்ஃபா 0.66. பதினாறாம் கேள்வியில் பத்தொன்பது பேர் சறுக்கியிருக்கிறார்கள். தொடர்பு மிகச் சின்னது. இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. அவர்கள் ஒன்றாம் தேதி பட்டியல் பார்த்தாலும் முப்பதாம் தேதி பார்த்தாலும் வேலையை விடப்போவதில்லை. களைத்துப்போவார்கள். அவ்வளவுதான். களைப்பை அளக்க நான் ஒரு கேள்விகூட வைக்கவில்லை.

அப்படியே எழுதினேன். வரம்புகள் என்ற பகுதியில் முதல் சேகரிப்பு ஏன் அழிக்கப்பட்டது என்பதையும். அரைப் பக்கம் என்று ஆரம்பித்தது நான்கு பக்கம் வந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

கொடுத்துவிட்டேன். மூன்று ஐம்பதுக்கு. நாலு மணிக்கு அந்த ஜன்னலை மூடுவார்கள்.

தூக்கம்.

நவம்பர் 12, புதன்

தேறிவிட்டேன். இரண்டாம் வகுப்பு, அதிலும் கீழ்ப் பிரிவு. முதுகலைக்கு நேராகச் சேர இது போதாது. பட்டத்துக்குப் போதும். மேடம் திருப்பிக் கொடுத்த பிரதியில் அந்த நான்கு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இதை ஏன் முன்னால் வைக்கவில்லை?"

இவரிடம் சொன்னேன். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "என்னாலதானே குறைஞ்சுது?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "கொஞ்சம் உங்களால, கொஞ்சம் என்னால" என்றேன். தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போலத் தோன்றியது.

கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்தேன். பெயின்ட்டும் கூட வந்தது.

நவம்பர் 15, சனி

இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டரைக்கு வந்தார். உள்ளே வராமல் கதவுப் பக்கத்திலேயே ஷூவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு என்ன என்று ஓடினேன்.

"மேனேஜரைப் பாத்தேன்" என்றார்.

நிரந்தரமாகக் காலை ஷிப்ட் கேட்டாராம். என்னிடம் சொல்லாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகப் போய். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றாராம் மேலாளர். "பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?" சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "முடியலம்மா" என்றார். "வேலை இல்ல. வேலை செஞ்சுடுவேன். மத்தது."

என்ன மத்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோள் அவர் தோளில் இடித்தது. பாப்பா வந்து அவர் ஷூ லேஸில் ஒன்றை இழுத்து அவிழ்த்தாள்.

"பாலத்துக்கிட்ட பஸ் திரும்பும்ல," என்று ஆரம்பித்தார், "அங்க வரும்போது டெய்லி ஒண்ணு தோணும்..."

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டார். எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். துடைக்கவில்லை. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

"ம், சொல்லுங்க" என்றேன்.